ஏன் இவ்வளவு சிறியது?

(கோவையில் வீட்டுத் தோட்ட ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆர்க்கிட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாண வரவேற்பு மேடையில் செருகியிருக்கும் ஊதாப் பூங்கொத்துதான். அது டென்ட்ரோபியம் கலப்பினம். பூக்கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், பல நாள் வாடாமல் நிற்கும். இன்று நான் பேச வந்திருப்பது அதே குடும்பத்தில் பிறந்தும் எந்த மேடைக்கும் வராத செடிகளைப் பற்றி. இவற்றின் பூவைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் கையில் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும்.

எக்வடோர் நாட்டு மலைக்காட்டிலிருந்து எடுத்து வந்த ஒரு செடியின் வேர்களுக்கு நடுவே வேறொரு குட்டிச் செடி ஒட்டிக்கொண்டிருப்பதை லூ ஜோஸ்ட் என்ற ஆய்வாளர் கவனித்தார். உலகிலேயே மிகச் சிறிய ஆர்க்கிட் என்று 2009இல் செய்தி வெளியானது. பிளாட்டிஸ்டெல் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஆர்க்கிட் அது. பூவின் அகலம் 2.1 மில்லிமீட்டர், ஓர் எள்ளை முழுதாக மூடக்கூட அது போதாது. இதழின் தடிமன் ஒரே ஒரு செல், ஆகவே ஒளி அதை ஊடுருவிப் போகும். அதற்கு முன்பு மிகச் சிறியது என்று பேர் வாங்கியிருந்ததும் அதே பேரினம்தான்: மத்திய அமெரிக்காவின் பிளாட்டிஸ்டெல் ஜங்கர்மன்னியாய்ட்ஸ், பூவின் அகலம் இரண்டரை மில்லிமீட்டர்.

இவை ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் உண்டு. அவற்றில் ப்ளூரோதாலிடினே என்ற ஒரே துணைக்குலத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளைத் தவிர வேறெங்கும் அவை இல்லை. பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும். அந்தக் கூட்டத்தை வகை பிரித்துப் பெயரிட்டவர்களில் முதன்மையானவர் கார்லைல் லூயர். தொழிலால் அறுவைச் சிகிச்சை மருத்துவர். மருத்துவத்தை விட்டுவிட்டு இந்தச் செடிகளுக்கே தன்னை ஒப்புக்கொடுத்து, சுமார் 3,000 இனங்களை விவரித்தார். 2019இல், தொண்ணூற்றேழு வயதில் மறைந்தார்.

ஆகவே ஆர்க்கிட் உலகில் சிறியதாக இருப்பது பெருவழக்கு. வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்ல வந்த ஒரே செய்தி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நர்சரிக்குப் போனால் விலை கேட்கிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்கிறோம், வெயிலா நிழலா என்று கேட்கிறோம். இந்தச் செடி ஏன் இவ்வளவு சிறியது என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் தண்ணீர், வெயில் பற்றிய கேள்விகளுக்கும் பதில் தானே வந்துவிடும். சிறிய செடிகள் எல்லாம் ஒரே காரணத்தால் சிறியவை அல்ல. காரணம் வேறானால் வளர்க்கும் முறையும் வேறாகும்.

கேட்காமல் வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தே சாட்சி. கப்பல் கப்பலாக ஆர்க்கிட்களை இறக்கினார்கள். வெப்பமண்டலச் செடி என்றால் வெப்பம்தானே வேண்டும் என்று, கண்ணாடி வீட்டில் கரியை எரித்துச் சூடேற்றி, ஆவி பறக்க, சன்னலை அடைத்து வைத்தார்கள். மலையின் குளிரில் வளர்ந்தவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் காற்றோட்டம் கொடுத்து, செடிகளை அவற்றின் ஊர்த் தட்பவெப்பப்படி தனித்தனி வீடுகளில் பிரித்து வைத்த பிறகே நிலைமை மாறியது. இன்று நம் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அதே பழைய தவறு நடக்கிறது, அளவு மட்டும்தான் சிறியது.

முதல் காரணத்துக்கு வருகிறேன்: பாசி. கொலம்பியாவிலும் எக்வடோரிலும் ஆண்டிஸ் மலையில் கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் முதல் 2,500 மீட்டர் வரையுள்ள முகில்காடுகளில் மரக்கிளை ஒவ்வொன்றும் பாசிப் போர்வைக்குள் இருக்கும். லெபாந்தஸ் என்ற பேரினம் அந்தப் போர்வைக்குள்ளேயே வாழ்க்கையை முடித்துக்கொள்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். பலவற்றுக்கு ஒரே ஒரு மலைதான் ஊர். மெல்லிய தண்டு, அதைச் சுற்றி ஊதுகுழல் வாய் போன்ற மயிரோர உறைகளின் வரிசை, உச்சியில் ஒற்றை இலை, அந்த இலையின் மேலேயோ அடியிலேயோ ஒட்டினாற்போல் ஒரு பூ. தண்ணீரைச் சேர்த்துவைக்கும் போலிக்குமிழ் இதற்குக் கிடையாது. சுற்றிலும் ஈரம் எப்போதும் இருக்கும்போது சேமிப்பு எதற்கு? பாசியின் உயரத்தைத் தாண்டி வளர்ந்தால்தான் இதற்கு ஆபத்து.

பூ சிறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோஸ்டா ரிகாவில் லெபாந்தஸ் கிளிக்கன்ஸ்டீனி என்ற இனத்தை மரியோ பிளாங்கோ, கேப்ரியல் பார்போசா என்ற இருவர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். அதன் மகரந்தத்தைச் சுமப்பது பிராடிசியா என்ற பேரினத்துச் சின்னஞ்சிறு ஈயின் ஆண். பூவின் மணத்தைப் பெண் ஈயின் மணமென்று நம்பி வந்து, பூவோடு புணர முயல்கிறது. அந்தத் தழுவலில் மகரந்தத் திரள் அதன் வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஏமாறுகிற ஈ மில்லிமீட்டர்க் கணக்கில் இருக்கும்போது ஏமாற்றுகிற பூவும் அந்த அளவுக்குத்தானே இருக்க முடியும்? நம் தொட்டிகளில் ஈரமான மக்குக் கலவையின் மேல் கறுப்பாகப் பறந்து தொல்லை தரும் பூச்சிகள் இருக்கின்றனவே, அவற்றில் பல இதே பேரினத்தைச் சேர்ந்தவை.

இந்த வகையை வீட்டில் வளர்க்க வேண்டுமானால் எப்போதும் எண்பது விழுக்காட்டுக்குக் குறையாத காற்று ஈரப்பதம் வேண்டும், அசையும் காற்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இரவுக் குளிர் வேண்டும். பகலில் இலை சேர்த்த சர்க்கரையை இரவு முழுதும் செடி சுவாசத்தில் செலவழிக்கிறது. இரவு வெப்பம் கூடக் கூடச் செலவும் கூடும். முகில்காட்டு இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். சென்னையின் மே மாத இரவு இருபத்தெட்டில் நிற்கும். அந்த இரவுகளில் லெபாந்தஸ் வரவுக்கு மீறிச் செலவழித்து, இலை இலையாக உதிர்த்து இறக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு இருப்பவர்கள் தாராளமாக முயலலாம். சமவெளியில் இருப்பவர்கள் இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில், சற்று வெப்பம் தாங்கும் கொலம்பிய இனமான லெபாந்தஸ் டெலிபோகோனிஃப்ளோராவை வைத்துப் பார்க்கலாம். செடியைக் காட்டிலும் அதன் ஆரஞ்சு நிறப் பூதான் கண்ணுக்கு முதலில் தெரியும்.

இரண்டாவது காரணம்: சுள்ளி. சில ஆர்க்கிட்கள் தடித்த கிளைக்கு வருவதில்லை. மரத்தின் ஓரத்தில், விரல் தடிமன்கூட இல்லாத குச்சியில் போய் உட்காரும். மெக்ஸிகோ தொடங்கித் தென்னமெரிக்கா வரை பரவியிருக்கும் எரிசைனா புசில்லா அப்படிப்பட்டது. விசிறி மடிப்பாய் நாலைந்து இலை, செடியின் அளவுக்கே ஒரு மஞ்சள் பூ. கொய்யா, காப்பித் தோட்டங்களில் மரக்குச்சிகளில் தானாக முளைக்கும். குச்சியில் வெயில் உண்டு, காற்று உண்டு. மழை நின்ற சற்று நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடும். அந்தக் குச்சியே சில ஆண்டுகளில் ஒடிந்து விழுந்துவிடும். குடியிருக்கும் வீடு இடியும் முன் பூத்துக் காய்த்து விதை விட்டாக வேண்டும். பெரிதாக வளர அவகாசம் இல்லை. பல ஆர்க்கிட்கள் விதையிலிருந்து பூவுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் எடுக்கும்போது இது ஓராண்டுக்குள் பூத்துவிடும். ஆய்வுக்கூடங்களில் இதை மாதிரிச் செடியாக வைத்துக்கொண்டதற்கும் அந்த அவசரம்தான் காரணம்.

இதைப் பாசியில் சுற்றி ஈரமாக வைத்தால் வேர் அழுகும். பட்டை உரிக்காத கொய்யாக் குச்சி ஒன்றில் நைலான் நரம்பால் கட்டித் தொங்கவிட வேண்டும், பாசியே வேண்டாம். காலையில் நனைத்தால் இரண்டு மணி நேரத்தில் வேர் காய்ந்துவிட வேண்டும். கரீபியத் தீவுகளின் டோலம்னியாவுக்கும் இதே முறைதான். நன்றாக வளர்த்தும் சில ஆண்டுகளில் செடி போய்விட்டதே என்று எரிசைனா வளர்ப்பவர்கள் வருந்துவதுண்டு. வருந்த வேண்டாம். அதன் ஆயுள் அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம் நமக்கு அருகிலேயே இருக்கிறது: கோடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் போர்பாக்ஸ் என்ற ஆர்க்கிட் வளர்கிறது. வறண்ட மாதங்களில் பார்த்தால் இலையே இருக்காது. சட்டைப் பொத்தான் அளவில் தட்டையான போலிக்குமிழ்கள், அவற்றின் மேல் வலை பின்னினாற்போல் ஓர் உறை, அவ்வளவுதான். பட்டையில் ஏதோ காய்ந்து கிடக்கிறது என்று கடந்துபோய்விடுவோம். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் இரண்டு இலை விரியும், நடுவில் செம்பழுப்பில் ஒரு பூ எட்டிப் பார்க்கும். மழைக்காலத்துக்குள் உழைத்துச் சேர்த்ததை வைத்து மற்ற மாதங்களைக் கடத்த வேண்டும். அதற்குச் சின்ன உடம்புதான் கட்டுப்படியாகும்.

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை வெளிவந்த தம் தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதிகளில் இப்படிப்பட்ட பல செடிகளைப் பதிவு செய்தார். அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயா என்று ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயர் சூட்டினார். பிற்காலத்தார் அதை டிராபிடியா என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் பழைய பெயர்ப் பட்டியலில் அந்த ஓவியர் நிற்கிறார்.

போர்பாக்ஸை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். விதையிலிருந்து வளர்த்த செடி சந்தைக்கு வருவது அரிது. யாராவது விற்றால் அது காட்டிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதே வாழ்க்கை முறை உள்ள டென்ட்ரோபியம் ஜென்கின்சி நர்சரிகளில் கிடைக்கும். வடகிழக்கு இந்தியாவிலும் மியான்மரிலும் தாய்லாந்திலும் வளர்வது. மரத்துண்டில் படிந்து கிடக்கும் குட்டிக் குமிழ்களிலிருந்து பொன்மஞ்சளில் பூ வரும். இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கிழக்குப் பார்த்த சன்னலோ பால்கனியோ போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தினமும் தண்ணீர் கொடுங்கள். மார்கழி, தை மாதங்களில் குமிழ் சுருங்காமல் இருக்க லேசாகத் தெளித்தால் மட்டும் போதும். அந்தப் பட்டினிக்குப் பிறகுதான் பூ. இரக்கப்பட்டு ஊற்றினால் இலைதான் வரும்.

இந்த மூன்று வகைச் செடிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு: வேர். இவை தொற்றுச் செடிகள். மரத்தில் ஒட்டி வாழ்ந்தாலும் புல்லுருவியைப் போல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கும். அது இறந்த செல்களால் ஆனது. மழைத்துளி பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த வேர் வெள்ளியாக மின்னும், நனைந்த வேர் பச்சையாகத் தெரியும். தண்ணீர் ஊற்றும் நேரத்தை நாள்காட்டியில் தேட வேண்டாம், வேரின் நிறத்தைப் பாருங்கள்.

வேருக்குக் காற்று எவ்வளவு முக்கியம் என்பதை ஜப்பானியர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். அங்கே ஃபூரான் என்று ஒரு சிறு ஆர்க்கிட் உண்டு. நியோஃபினெட்டியா என்று வழங்கி, இப்போது வாண்டா பேரினத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெள்ளைப் பூ, நீண்ட வால், இரவில் இனிய மணம். நாட்டை ஆண்ட பதினோராம் தோகுகாவா ஷோகுன் இயெனாரி இதன்மேல் பித்தாக இருந்தார். பிரபுக்கள் தங்கவலை போட்டு மூடி வைத்தார்கள் என்று சொல்வார்கள். வளர்க்கும் விதம்தான் நமக்கு வேண்டியது. நீண்ட இழைப் பாசியைக் குமிழ் போலச் சுற்றி, உள்ளே வெற்றிடம் விட்டு, தொட்டியின் வாய்க்கு மேலே மேடாக எழுப்பி, அதன் உச்சியில் செடியை அமர்த்துவார்கள். வேர் வெளியே ஈரத்தைத் தொடும், உள்ளே காற்றைத் தொடும். பூக்காத மாதங்களிலும் அவர்களுக்குப் பார்க்க நிறைய உண்டு: இலையின் வரி, இலை தண்டோடு சேரும் கோட்டின் வளைவு, வேர் நுனி பச்சையா மாணிக்கச் சிவப்பா என்பது. ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் பெயர் வைத்து, ரகங்களைத் தரவரிசைப்படுத்திப் பட்டியலே வெளியிடுகிறார்கள். ஆண்டு முழுதும் பார்ப்பதற்கு ஒன்று இருப்பதால்தான் ஒரு செடியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறார்கள்.

இனிக் கண்ணாடிப் பெட்டி. லண்டனில் நதானியேல் பேக்ஷா வார்டு என்ற மருத்துவர் 1829இல் ஒரு மூடிய குப்பியில் ஈர மக்கோடு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர், உள்ளே ஒரு பெரணியும் புல்லும் முளைப்பதைக் கண்டார். ஊர்ப் புகையில் அவர் தோட்டத்தில் பிழைக்காத பெரணி குப்பிக்குள் பிழைத்தது. 1833இல் அவருடைய பெட்டிகள் செடிகளோடு சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தன. சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான். ஆனால் வார்டின் பெட்டி காற்றசைவு இல்லாத பெட்டி. பெரணிக்கு அது சரி. தொற்று ஆர்க்கிட்டுக்கு அதில் பூஞ்சைதான் முதலில் வரும்.

நம் பெட்டிக்கு ஒரு மீன் தொட்டி போதும். உள்ளே கணினியில் இருக்கும் 12 வோல்ட் குட்டி விசிறி ஒன்று, இலையின்மேல் நேராக வீசாமல் கண்ணாடியைப் பார்த்து ஓடட்டும். எல்இடி விளக்கைப் பெட்டிக்கு வெளியே, மேலே வையுங்கள். உள்ளே வைத்தால் அதன் சூடு முழுதும் செடிக்குத்தான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் போதும். அடியில் சிறு கற்களும் கொஞ்சம் தண்ணீரும். செடிகளை மரத்துண்டில் கட்டிப் பின்சுவரில் மாட்டுங்கள். தேங்காய் மட்டை மலிவு என்று பலர் எடுப்பார்கள்; அது உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சீக்கிரம் மக்கிவிடும், குறு ஆர்க்கிட்டின் நுண்வேருக்கு ஒத்துவராது.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு (டிடிஎஸ்) பல இடங்களில் 500ஐத் தாண்டும். மழையில் நனைந்து பழகிய வேருக்கு அது உப்புக் கரைசல்தான். மொட்டைமாடியில் பிடித்த மழைநீர் முதல் தரம், ஆர்.ஓ. நீர் அடுத்தது. உரத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்காகக் கரையுங்கள். புதிய செடியை வாங்கிய கையோடு பெட்டியில் வைக்காமல் சில வாரம் தனியே வையுங்கள். பாசியோடு வரும் பொடி நத்தைகள் இரவில் வேர் நுனியையும் மொட்டையும் தின்றுவிடும். ஒரு வெள்ளரித் துண்டை இரவில் வைத்து, டார்ச்சோடு போய்ப் பார்த்தால் அகப்படும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செடி சிறியதாக இருப்பதால் காட்டிலிருந்து எடுப்பது மிக எளிது. ஒரு பட்டையைப் பெயர்த்தால் ஒரு குடியே போய்விடும். ஒரே மலையில் வாழும் இனமென்றால் அத்தோடு கதை முடிந்தது. காப்புக்காட்டில் செடியைப் பெயர்ப்பது குற்றம். அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் ஆர்க்கிட் குடும்பம் முழுதும் இருக்கிறது; வெளிநாட்டுச் செடியை உரிய அனுமதிகளோடுதான் வரவழைக்க முடியும். காட்டைத் தொடாமல் வளர்ப்பதற்கான வழியை அறிவியல் நூறாண்டுக்கு முன்பே தந்துவிட்டது. ஆர்க்கிட் விதை தூசு போன்றது. முளைக்கு வேண்டிய உணவு அதில் இல்லை. ஒரு பூஞ்சை அதனோடு சேர்ந்தால்தான் முளைக்கும் என்பதை 1899இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சையின் வேலையைச் சர்க்கரை கலந்த அகார் செய்யும் என்று 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று குடுவையில் ஆயிரக்கணக்கில் நாற்று எடுக்கிறார்கள். விற்பவரிடம் 'இது குடுவை நாற்றா?' என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வாங்காமல் வந்துவிடுங்கள். காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்கும் ஆசை இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

இன்று இங்கிருந்து போய் எதை முதலில் வாங்குவது என்று கேட்பீர்கள். செடி வேண்டாம். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். பெட்டியை அமைத்து, விசிறியும் விளக்கும் ஓட, செடியில்லாமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். விடியற்காலையின் மிகக் குறைந்த வெப்பத்தையும் பிற்பகலின் மிகக் குறைந்த ஈரப்பதத்தையும் தினமும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு பதினைந்து டிகிரியை ஒட்டி இறங்கினால் பாசிச் செடிக்கு இடமிருக்கிறது. இருபத்தைந்துக்குக் கீழே போகவில்லையென்றால் குச்சிச் செடியைத் தேடுங்கள். ஈரப்பதம் நிற்கவே இல்லையென்றால் பெட்டியை மீனுக்கே கொடுத்துவிட்டு, சன்னலோரத்தில் டென்ட்ரோபியம் ஜென்கின்சியைக் கட்டுங்கள். அந்தத் தாளோடு நர்சரிக்குப் போங்கள். எந்தச் செடி என்பதை அது சொல்லிவிடும்.